பீட்ரூட் விதைப் பாக்கெட்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தண்ணீரே செய்துவிடும்

பீட்ரூட் விதைத்தவர்கள் விதைக்கடைக்கு வந்து சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆறாம் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை தெரிந்தது. பத்தாம் நாள் இன்னும் கொஞ்சம். மூன்றாவது வாரத்திலும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது. விதைத்த பாரில் (வரிசையில்) பாதி இடம் முளைக்காத சந்து. விதை சரியில்லை என்று கம்பெனியை மாற்றுவார்கள். அடுத்த கம்பெனி விதையிலும் இதே கதை நடக்கும். காரணம், பல நேரங்களில் விதை உயிரோடுதான் இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் ஓடு அதை முளைக்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

இன்று சந்தையில் பீட்ரூட் விதை நான்கைந்து வடிவங்களில் கிடைக்கிறது: அப்படியே கொத்தாக விற்பது, உரசித் தரம் பிரித்தது, கழுவி முளைப்பூக்கம் தந்தது, மேலே பூச்சு கொடுத்து உருண்டையாக்கியது, பிறப்பிலேயே ஒற்றை முளை கொண்டது. கூடவே, முளைப்பைக் கூட்டும் என்று சொல்லி ஜிப்ரலிக் அமிலம், பொட்டாசியம் நைட்ரேட் என்று அடுத்த அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. எது காசுக்குத் தகும், எது தகாது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். பிராண்டு பெயர் சொல்லி வரிசைப்படுத்தவில்லை. ஒரே பிராண்டில் ஒரு லாட்டுக்கும் (ஒன்றாகத் தயாராகி ஒரே எண்ணில் வரும் விதைத் தொகுதிக்கும்) அடுத்த லாட்டுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு பிராண்டுகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு.

முதலில், பாக்கெட்டுக்குள் இருப்பது என்ன? நாம் பீட்ரூட் விதை என்று கையில் எடுக்கும் அந்தக் கரடுமுரடான பழுப்பு உருண்டை விதை அல்ல, காய்ந்த கனிகளின் கொத்து. பக்கத்துப் பக்கத்துப் பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தக்கை போல இறுகி ஒரே உருண்டையாகிவிடுகின்றன. உள்ளே இரண்டு முதல் ஐந்து வரை அறைகள். ஒவ்வோர் அறையிலும் அவரை வடிவில் ஒரு சின்ன விதை. அறையின் வாயில் ஒரு மூடி. முளைவேர் வெளியே வர வேண்டுமானால் அந்த மூடியைத் தள்ளித் திறக்க வேண்டும். ஒரு கிராமில் ஏறக்குறைய 50 முதல் 60 கொத்துகள் இருக்கும்.

இந்த ஓட்டில் மூன்று விதமான தடைகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, பீனாலிக் அமிலங்கள்: ஃபெரூலிக், வனிலிக், பாரா ஹைட்ராக்சி பென்சாயிக், பாரா கூமாரிக் அமிலங்கள். இவற்றோடு அப்சிசிக் அமிலமும் உண்டு. முளைப்பைத் தடுக்கும் இவற்றைத்தான் இனித் தடுப்பான் என்கிறோம். இரண்டு, உப்புகள்: பொட்டாசியம், சோடியம், நைட்ரேட், குளோரைடு, ஆக்சலேட். இவை ஓட்டைச் சுற்றியுள்ள ஈரத்தை உப்பு நீராக்கிவிடுவதால் விதை தண்ணீரை இழுக்கச் சிரமப்படும். மூன்று, காற்று. ஈரம் பட்டவுடன் அந்தப் பீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கி, உள்ளே போக வேண்டிய ஆக்சிஜனை வழியிலேயே தின்றுவிடுகின்றன. ஈரம் அதிகமானால் ஓட்டில் வழவழப்பான படலம் உண்டாகி மூடியைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். ஆகவே பீட்ரூட்டுக்குத் தண்ணீர் குறைந்தாலும் தாமதம், கூடினாலும் தாமதம்.

செடியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் உண்டு. பீட்ரூட்டின் மூதாதை, ஐரோப்பாவின் கடற்கரையோரம் தானாக வளரும் காட்டுப் பீட். உப்பும் தடுப்பானும் கழுவிப்போகும் அளவுக்கு மழை பெய்த பிறகு முளைத்தால்தான் அங்கே நாற்று பிழைக்கும். அதிலும் எல்லாம் ஒரே நாளில் முளைக்காமல் இருப்பது அதற்கு நல்லது. நமக்குத்தான் அது சங்கடம்.

தடுப்பானின் அளவு எல்லாக் கொத்திலும் ஒன்று போல இருப்பதில்லை. பீட்ரூட்டின் பூந்தண்டு ஒரே நேரத்தில் பூத்து முடிப்பதில்லை. கீழே விதை முற்றிக்கொண்டிருக்கும்போது நுனியில் இன்னும் பூ இருக்கும். அறுவடையில் முற்றியதும் இளசும் கலந்து வரும். காயும் பருவத்தில் மழை பட்ட விதையில் தடுப்பான் ஓரளவு செடியிலேயே கழுவிப்போயிருக்கும்; வறண்ட வெயிலில் காய்ந்த விதையில் அப்படியே நிற்கும். ஒரே பாக்கெட்டில் சில கொத்து ஐந்து நாளில் வருவதும் சில கொத்து பதினைந்து நாள் இழுப்பதும் இதனால்தான்.

லேபிளில் எழுதாத ஒரு விஷயம்

இந்தியாவில் பீட்ரூட் விதைக்குச் சான்றளிப்புத் தரம் குறைந்தது 60% முளைப்பு. தக்காளி, வெண்டையோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் அந்த எண்ணைப் படிக்கும்போது இரண்டு சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு கொத்திலிருந்து ஒரு நல்ல நாற்று வந்தாலும் ஒன்று, நான்கு வந்தாலும் ஒன்றுதான் கணக்கு. அதாவது 60% என்றால் 100 கொத்தில் 60 கொத்தாவது ஒரு நாற்றையாவது தந்தது என்று பொருள். நாற்றுகளின் எண்ணிக்கை 120 ஆகவும் இருக்கலாம்.

இதைவிட முக்கியமானது அடுத்தது. பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிமுறையில் பீட் விதையை முளைப்புக்கு வைக்கும் முன் கழுவச் சொல்லியிருக்கிறது: கொத்து விதைக்கு 2 மணி நேரம், ஒற்றை முளை விதைக்கு 4 மணி நேரம், 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரில். பிறகு 25 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் உலர்த்தித்தான் காகிதத்தில் வைப்பார்கள். முதல் எண்ணிக்கை 4ஆம் நாள், கடைசி எண்ணிக்கை 14ஆம் நாள். ஆக, இப்படிச் சோதித்த லாட்டின் லேபிளில் உள்ள எண் கழுவிய விதையின் எண். வாங்கியவர் அதைக் கழுவாமல் மண்ணில் போட்டுவிட்டு, லேபிளில் 75 போட்டிருக்கிறதே, எனக்கு 40கூட வரவில்லையே என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'கழுவி விதைக்கவும்' என்று ஒரே ஒரு வரி அச்சடித்தால் பாதிப் புகார் தீரும். அந்த இடத்தில் பெரும்பாலும் பளபளக்கும் கிழங்கின் படம்தான் இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: லாட் நம்பர், சோதனை செய்த தேதி, காலாவதித் தேதி. சோதனை தேதியிலிருந்து 9 மாதம் வரைதான் லேபிளுக்கு ஆயுள். நீல அட்டை இருந்தால் சான்று விதை; வெளிர் பச்சை அட்டை இருந்தால் கம்பெனி தானே உறுதி கூறும் விதை. காய்கறி விதையில் பெரும்பாலும் பச்சைதான் கண்ணில் படும். அது தாழ்ந்தது என்று பொருளல்ல. மாடித்தோட்டக்காரர்களுக்கென்று பாலித்தீன் கவரில் போட்டு, தேதியே இல்லாமல் 50 விதை, 100 விதை என்று விற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெயில் படும் வாசலில் தொங்கவிட்டிருக்கும் பாக்கெட்டுகளும் அதே வகைதான்.

கொத்து விதை: 5க்கு 4

ஊட்டி 1, டெட்ராய்ட் டார்க் ரெட், கிரிம்சன் குளோப் போன்ற ரகங்களில் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இதுதான். விலை எல்லாவற்றையும்விடக் குறைவு. விதை முழு ஓட்டோடு இருப்பதால் சேமிப்பிலும் தாங்கும். குறை என்று பார்த்தால் இரண்டு. தடுப்பான் முழு அளவில் இருக்கும். ஒரு கொத்திலிருந்து இரண்டு மூன்று நாற்று கிளம்பும். முதல் குறையைத் தண்ணீர் தீர்க்கும். இரண்டாவதற்குக் கைவேலை வேண்டும்: நாற்று இரண்டு மூன்று இலை விட்டதும், திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். கலைக்காமல் விட்டால் இரண்டு கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கித் தட்டையாகும். பிடுங்கும்போது நிற்க வேண்டிய நாற்றின் வேரும் ஆடும் என்பதால் சிறு கத்தரியால் மண் மட்டத்தில் நறுக்குவது நல்லது. நறுக்கியது கீரைக்கு ஆகும்.

அளவு கணக்கு எளிது. 30 செ.மீ. பாரில் 10 செ.மீ. இடைவெளி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 33 குழி. ஒரு சென்டுக்கு ஏறக்குறைய 1,350 குழி. குழிக்கு ஒரு கொத்து வீதம் ஏறக்குறைய 25 கிராம் போதும். ஏக்கருக்கு இரண்டரைக் கிலோ. கழுவாமல் விதைப்பவர்கள் பயத்தில் குழிக்கு இரண்டு, மூன்று கொத்து போடுகிறார்கள். விதைச் செலவு இரட்டிப்பாவது மட்டுமல்ல, எல்லாம் முளைத்துவிட்டால் ஒரு குழியில் ஏழெட்டு நாற்று நிற்கும். கலைக்கும் கூலி அதைவிட அதிகம்.

உரசித் தரம் பிரித்த விதை: 5க்கு 3

கொத்தை இயந்திரத்தில் உரசி உடைத்து, மேல் ஓட்டைக் கொஞ்சம் நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து விற்பது. நல்லதாகச் செய்தால் தடுப்பான் உள்ள வெளி ஓடு கணிசமாகப் போய்விடும். ஒரு துண்டில் ஒன்று அல்லது இரண்டு விதை மட்டும் இருக்கும். விதைக்கும் கருவியில் ஒழுங்காக விழும். மோசமாகச் செய்தால் மூடி உடைந்து, உள்ளே விதையில் கீறல் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட விதை தண்ணீர் பட்டதும் அழுகும். அடையாளம் காண்பது எப்படி? ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கிராம் கொட்டிப் பாருங்கள். தூளும், மூடியில்லாமல் வெறும் குழியாகத் தெரியும் துண்டுகளும் நிறைய இருந்தால் அந்த லாட் வேண்டாம். உரசிய விதை முழுக் கொத்து அளவுக்குச் சேமிப்பில் நிற்காது. போன பருவத்து மிச்சம் என்று தள்ளுபடியில் தந்தால் வாங்காதீர்கள்.

வீட்டில் அம்மியில் உருட்டியோ மணல்தாளில் தேய்த்தோ இதைச் செய்துபார்க்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பீட்ரூட்டுக்கு அது வேண்டாத வேலை. தேய்ப்பதால் கிடைப்பதைத் தண்ணீர் சேதமில்லாமல் தந்துவிடுகிறது.

கழுவி முளைப்பூக்கம் தந்த விதை: 5க்கு 3.5, ஒரு நிபந்தனையோடு

கம்பெனியே கழுவி, ஈரம் ஏற்றி, முளைவேர் வெளியே வருவதற்குச் சற்று முன் நிறுத்தி, மீண்டும் உலர்த்தி அனுப்பும் விதை. ஐரோப்பாவில் சர்க்கரைக் கிழங்கு (சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட்) விதையில் இது வெகு காலமாக வழக்கத்தில் உள்ளது. அங்கே ஒரே நாளில் சீராக முளைத்தால்தான் இயந்திர அறுவடை சரிப்படும். மண்ணில் முளைப்பு வேகமாகவும் ஒரே சீராகவும் இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. நிபந்தனை என்னவென்றால், இப்படிப் பாதி வழி வந்து நின்ற விதைக்கு ஆயுள் குறைவு. குளிர்சாதனம் இல்லாத கடையில் ஒரு கோடைக்காலம் கிடந்தால் கொடுத்த காசுக்கான பலன் போய்விடும். தேதி புதியது, கடை விதையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது, வாங்கிய வாரத்தில் விதைக்கப்போகிறீர்கள் என்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் கொத்து விதையை வாங்கி நீங்களே கழுவுங்கள். இந்த விதையை வீட்டில் மறுபடி ஊறவைக்கவே கூடாது.

பூச்சு உருண்டை: இயந்திரம் இருந்தால் 4, கையால் விதைத்தால் 2

களிமண், சுண்ணாம்புத் தூள், மர நார்ப்பொடி போன்றவற்றால் பூசி உருண்டையாக்கியது. எடையில் அல்ல, எண்ணிக்கையில் விற்பார்கள். ஒரு விதைக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். விதைக்கருவியில் ஒன்று ஒன்றாக விழுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் பூச்சுக்குள் இருக்கும் விதை கழுவியதா இல்லையா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கழுவாத விதைக்குப் பூச்சு போட்டால் தடுப்பான் வெளியேற இன்னொரு சுவர் எழுப்பியது போலத்தான். முதல் தண்ணீர் பூச்சு முழுதும் கரையும் அளவுக்குப் பாய வேண்டும். அரைகுறையாக நனைந்து மறுபடி காய்ந்தால் உருண்டை ஓடாக இறுகிவிடும். கைவிதைப்புக்கு இது வீண் செலவு.

ஒற்றை முளை ரகம்: 5க்கு 3.5

1948இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் சர்க்கரைக் கிழங்கு வயலொன்றில் சவிட்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒற்றைப் பூ கொண்ட செடிகளைக் கண்டெடுத்தார். இன்றைய சர்க்கரைக் கிழங்கின் ஒற்றை முளைப் பண்பு அங்கிருந்து பரவியது. காய்கறிப் பீட்டிலும் மொனேட்டா, சோலோ போன்ற ஒற்றை முளை ரகங்கள் உண்டு. கலைக்கும் வேலை இல்லை என்பதே பெரிய லாபம். ஆனால் ஒற்றை முளை என்பதால் தடுப்பான் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பரிசோதனை விதிமுறையே இதற்கு இரண்டு மடங்கு நேரம் கழுவச் சொல்வதைக் கவனியுங்கள். ஒரு கொத்தில் ஒரே வாய்ப்புத்தான் என்பதால் முளைக்காவிட்டால் நேரே சந்துதான் விழும். கழுவாமல் விதைத்தால் இந்த ரகத்தில்தான் நட்டம் அதிகம்.

தண்ணீர், சரியான முறையில்

'இரவு ஊறவைத்துக் காலையில் விதை' என்பது பீட்ரூட்டுக்குத் தவறான யோசனை. பாத்திரத்தில் நிற்கும் தண்ணீரில் ஓட்டிலிருந்து இறங்கிய தடுப்பானும் உப்பும் அங்கேயே இருக்கும். விதை அதையே திரும்பக் குடிக்கும். தண்ணீரில் காற்று தீர்ந்துபோய், பன்னிரண்டு மணி நேரத்தில் வழவழப்பும் புளித்த வாடையும் வந்துவிடும். பிறகு விதைத்தால் ஊறவைக்காததைவிட மோசமாக முளைப்பதுண்டு. அதற்கும் விதைதான் பழி சுமக்கும்.

சரியான முறை இது. விதையைக் கொசுவலைத் துணிப் பையில் தளர்வாகக் கட்டுங்கள். விதையின் கொள்ளளவுக்குப் பத்து மடங்கு தண்ணீர் எடுங்கள். கை வைத்தால் சூடும் தெரியக்கூடாது, சில்லிப்பும் தெரியக்கூடாது, 20 முதல் 25 டிகிரி. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் தண்ணீரைச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்ளலாம், வெந்நீர் கூடாது. பையை அமிழ்த்தி, கையால் அலசி, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை முழுதாக மாற்றுங்கள். முதல் தண்ணீர் கருஞ்சிவப்புப் பழுப்பாகத் தேநீர் நிறத்தில் இறங்கும். கொத்து விதைக்கு 2 முதல் 3 மணி நேரம், ஒற்றை முளைக்கு 4 மணி நேரம். குழாய்த் தண்ணீர் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தால் மாற்றும் வேலை மிச்சம். மீன்தொட்டிக்கு வைக்கும் காற்றுக் குழாய் இருந்தால் பாத்திரத்தில் போட்டுவிடுங்கள். காற்றுப் பஞ்சம் வராது.

எப்போது போதும்? நிறம் ஓரளவு சொல்லும். அதைவிட நம்பிக்கையானது, குடிநீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர். புதுத் தண்ணீரின் அளவைக் குறித்துக்கொண்டு, அரை மணி கழித்துப் பையை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். முதல் சுற்றில் அளவு சட்டென்று ஏறும். சுற்றுக்குச் சுற்று ஏற்றம் குறையும். கிட்டத்தட்ட ஏறாமல் நின்றால் கழுவியது போதும். உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் இந்த வேலைக்கு மட்டும் மழைநீரோ நல்ல தண்ணீரோ வாங்கிக்கொள்வது நல்லது.

பிறகு நிழலில், காற்றோட்டத்தில், ஒரு கொத்து மேல் ஒன்று ஏறாமல் பரப்பி மேல் ஈரம் போகும் வரை உலர்த்தி, அன்றைக்கோ மறுநாளோ விதைத்துவிடுங்கள். தள்ளிப்போக வேண்டியிருந்தால், கழுவும் முன் இருந்த எடைக்குத் திரும்ப வரும் வரை உலர்த்துங்கள். வெயிலில் போடாதீர்கள்.

கழுவுவதில் ஒரு சிக்கல் உண்டு. விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயமேறி இருந்தால் அது திரம், கேப்டான் போன்ற பூசணக்கொல்லி தடவிய விதை. கழுவினால் மருந்தும் போய்விடும், கையுறையும் தேவைப்படும். அந்தத் தண்ணீரை மாட்டுத் தொட்டியருகிலோ குளத்திலோ ஊற்றவும் கூடாது. இதனால் கழுவி விதைக்க நினைப்பவர்கள் மருந்து தடவாத விதையைக் கேட்டு வாங்க வேண்டும். கழுவி உலர்த்திய பின் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைத்தால் நாற்றழுகலுக்குத் தடுப்பாகும். மருந்து தடவிய விதைதான் கிடைத்தது என்றால் கழுவாமல் விதைத்து, முதல் வாரம் மண்ணில் ஈரத்தை விடாமல் காப்பதே வழி.

பக்கத்து அலமாரிப் பாட்டில்கள்

ஜிப்ரலிக் அமிலம். முளைக்காத விதை எதற்கும் இதை எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பீட்ரூட்டில் தடை ஓட்டில் இருக்கிறது, கரு உறங்கிக்கொண்டிருக்கவில்லை. எனவே கழுவாத விதைக்கு இதனால் பெரிய பலன் இல்லை, கழுவிய விதைக்குத் தேவையே இல்லை. மிகையானால் நாற்றின் தண்டு நீண்டு வெளுத்துத் துவளும். பீட்ரூட்டுக்கு 5க்கு 1. பப்பாளி விதைக்கு வேண்டுமானால் வாங்குங்கள். பப்பாளியில் விதையைச் சுற்றிய வழவழ உறையிலும் தடுப்பான் உண்டு. சாம்பல் போட்டுத் தேய்த்து உறையை நீக்கிக் கழுவிய பிறகு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கரைசலில் 8 மணி நேரம் ஊறவைத்தால் பலன் தெரியும்.

அப்படி வாங்கினாலும் எந்தப் பொருள் என்று பாருங்கள். பாட்டிலில் 0.001% என்று இருந்தால் அதில் இருப்பதே 10 பிபிஎம்தான். தெளிப்புக்கானது, அதிலிருந்து 100 பிபிஎம் செய்ய முடியாது. 90% தூள் ஒரு கிராம் பொட்டலத்தில் வருகிறது. அது தண்ணீரில் நேரடியாகக் கரையாது. முழுப் பொட்டலத்தையும் 20 மில்லி ஸ்பிரிட்டில் கரைத்து 9 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 100 பிபிஎம். சமையல் தராசில் 0.1 கிராம் நிறுக்கப் பார்ப்பதைவிட இது மேல்.

பொட்டாசியம் நைட்ரேட். ஆய்வுக்கூடங்களில் 0.2% கரைசல், அதாவது லிட்டருக்கு 2 கிராம், சில விதைகளின் உறக்கம் கலைக்கப் பயன்படுகிறது. ஓட்டில் ஏற்கெனவே நைட்ரேட்டும் பொட்டாசியமும் மிதமிஞ்சி இருக்கும் பீட்ரூட்டுக்கு மேலும் உப்பு ஏற்றுவதில் அர்த்தமில்லை. மாட்டுக் கோமியம் கலந்த கரைசல்களுக்கும் இதே கணக்குத்தான். கழுவிய பிறகு லேசாகத் தெளித்துப் புரட்டுவது வேறு, ஊறவைப்பது வேறு.

ஹைட்ரஜன் பெராக்சைடு. இந்த வரிசையில் வேலை செய்யும் ஒரே பொருள் இதுதான், அதுவும் மருந்துக்கடையில் கிடைப்பது. பீனால்களை ஆக்சிஜனேற்றி முடிப்பதோடு விதைக்கு ஆக்சிஜனும் தருகிறது. கடையில் விற்கும் 20 வால்யூம் பாட்டிலில் 6% இருக்கும். 50 மில்லி எடுத்து மொத்தம் ஒரு லிட்டராக்கினால் 0.3%. பழைய லாட், கழுவியும் மந்தமாக இருக்கிறது என்றால் மட்டும், கழுவும் கடைசிச் சுற்றில் இந்தக் கரைசலை வைத்துப் பார்க்கலாம். முதலில் ஐம்பது கொத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். செத்த விதையை இது எழுப்பாது.

லாட்டைச் சோதிப்பது

வாங்கியதும் இரண்டு ஐம்பதுகளை எண்ணி எடுங்கள். ஒன்றை மேலே சொன்னபடி கழுவுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். கெட்டியான டிஷ்யூ காகிதத்தை நனைத்து, பிழிந்து, சொட்டாத ஈரத்தில் விதையைப் பரப்பிச் சுருட்டி, மூடிய டப்பாவில் நிற்க வையுங்கள். 4, 7, 10, 14ஆம் நாள்களில் எண்ணுங்கள். ஒரு கொத்துக்கு ஒன்று என்ற கணக்கு.

கழுவியது 7ஆம் நாளில் நன்றாக வந்து, கழுவாதது பின்தங்கி, 14ஆம் நாளில் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்தால் பிரச்சினை தடுப்பான் மட்டும்தான், லாட் நல்லது. இரண்டும் முதல் வாரத்திலேயே ஒரே வேகத்தில் வந்தால் கம்பெனியே கழுவிய விதை. நீங்கள் மெனக்கெட வேண்டாம். இரண்டும் 14 நாளிலும் மந்தம் என்றால் விதை கிழடு. ஈரம் மிகுந்து கொத்தின் மேல் பளபளப்பாகத் தண்ணீர்ப் படலம் நின்றால் சோதனையே பொய்யாகிவிடும்; காகிதம் சொட்டக்கூடாது என்று சொன்னது அதனால்தான்.

தடுப்பானைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், முதல் அலசல் தண்ணீரில் நனைத்த பஞ்சில் கொஞ்சம் கடுகும், சாதாரணத் தண்ணீரில் நனைத்த பஞ்சில் கொஞ்சம் கடுகும் தூவுங்கள். விதை நிறையவும் தண்ணீர் குறைவாகவும் எடுத்திருந்தால் மூன்றாம் நாள் வேரின் நீளத்தில் வித்தியாசம் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நல்ல சோதனை.

மண்ணில் போட்ட பிறகு

கழுவிய விதையையும் மண் கெடுத்துவிட முடியும். ஆழம் ஒன்றரை முதல் 2 செ.மீ.; அதற்குமேல் போகாதீர்கள். செம்மண்ணில் பாய்ச்சல் தண்ணீர் காய்ந்ததும் மேலே பொருக்குக் கட்டும்; வளைந்து வரும் முளை அதில் முட்டி ஒடியும். விதைத்த குழியை மண்ணுக்குப் பதில் மக்கிய எருவும் மணலும் கலந்து மூடினால் பொருக்கு இராது. விதைத்த அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் என்ற வழக்கம் பீட்ரூட்டுக்குப் பொருந்துகிறது. ஆனால் நடுவில் மேல்மண் காய்ந்தால் லேசாகத் தெளிக்க வேண்டும். கழுவாத விதையில் முதல் தண்ணீர் தாராளமாக இருந்தால் தடுப்பானில் ஒரு பகுதி மண்ணில் இறங்கிப்போகும். வெறும் ஈரம் காட்டும் அளவுக்குத் தெளித்தால் அது கொத்தைச் சுற்றியே செறிந்து நிற்கும். பாரின் தாழ்ந்த முனையில் முளைப்பு நன்றாகவும் மேட்டு முனையில் மோசமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடியுரத்தை விதைக் குழியிலேயே போடுவது இன்னொரு தப்பு. உரமும் உப்புதான். விதைக்கு ஐந்து செ.மீ. பக்கவாட்டில் போடுங்கள். 35 டிகிரியைத் தாண்டும் மண்ணில் எவ்வளவு கழுவினாலும் முளைப்பு விழும். சமவெளிக் கோடை விதைப்பை எந்தப் பாக்கெட்டாலும் காப்பாற்ற முடியாது.

சந்து நிரப்புவதானால் பத்தாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு போடும் விதை முளைத்தாலும் பக்கத்துச் செடியின் நிழலில் சுண்டிப்போய், அறுவடை நாளில் கோலிக்குண்டு அளவில் நிற்கும். கலைத்தெடுத்த நாற்றைப் பிடுங்கி நட்டாலும் பிழைக்கும், ஆனால் ஆணிவேர் வளைந்தால் கிழங்கு கோணலாகும்.

கொத்தமல்லி பற்றி இரண்டு வரி, ஏனென்றால் அதே கடையில் அதே புகார். அதுவும் கனிதான், உருண்டைக்குள் இரண்டு விதை. விதைக்கென்று உடைத்து விற்கும் கொத்தமல்லிக்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. பலகையில் பரப்பிச் செருப்பின் அடிப்பாகத்தால் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும். மானாவாரிக்கு லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து உலர்த்தி விதைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மளிகைக் கடை மல்லியும் முளைக்கும், எத்தனை வருடப் பழசு என்று தெரியாது என்பதே அதன் குறை.

எந்தப் பாக்கெட்டை வாங்கினாலும் அட்டையையும் பில்லையும் ஒரு பிடி விதையையும் அறுவடை வரை வைத்திருங்கள். முளைக்கவில்லை என்று விதை ஆய்வாளரிடம் போனால் அவர் கேட்பது லாட் நம்பரும் பில்லும்தான். மிச்ச விதை கையில் இருந்தால் அருகில் உள்ள விதைப் பரிசோதனை நிலையத்தில் பணி மாதிரியாக (நாமே சோதனைக்குத் தரும் மாதிரியாக) கொடுத்து முளைப்பைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே விதையைக் கழுவிவிட்டுத்தான் சோதிப்பார்கள் என்பதால், வீட்டில் கழுவிய ஐம்பதின் கணக்கையும் தேதியோடு எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.